காமிராவில் நீல வானம்

மழை ஓய்ந்த மறுநாள் காலை. வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. பள்ளிக் கட்டடத்துக்கு மேலே அப்படி ஓர் ஆழ்ந்த நீலம்! உடனே காமிராவையோ செல்போனையோ எடுத்து ஒரு படம் பிடிக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் ஏமாற்றம். கட்டடம் நன்றாக விழுந்திருக்கிறது. வானம் மட்டும் பலமுறை துவைத்த சட்டை போல வெளுத்துக் கிடக்கிறது.

அந்த நீலம் எங்கே போயிற்று? "கவலை வேண்டாம், பிறகு கணிப்பொறியில் சரிசெய்துகொள்ளலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். சில படங்களில் அது முடியும். சில படங்களில் எவ்வளவு முயன்றாலும் முடியாது. ஏன் இந்த வேறுபாடு? இதைப் புரிந்துகொள்ள, முதலில் வானத்தின் நீலம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

நீலம் பிறக்கும் விதம்

சூரிய ஒளி வெண்மையாகத் தோன்றினாலும் அதில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன என்பதை அறிவீர்கள். இந்த ஒளி காற்றின் வழியே வரும்போது, காற்றிலுள்ள மூலக்கூறுகள் அதில் ஒரு சிறு பகுதியை எல்லாப் பக்கங்களிலும் சிதறடிக்கின்றன. ஆனால் எல்லா நிறங்களும் ஒரே அளவில் சிதறுவதில்லை.

இதற்கான விதியை 1871-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கண்டறிந்தார். சிதறலின் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதே அந்த விதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீல ஒளியின் அலைநீளம் 450 நானோமீட்டர், சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று கொள்வோம். 650-ஐ 450-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.44. அதன் நான்காம் அடுக்கு 4.3-க்குச் சற்று மேல். அதாவது, சிவப்பைவிட நீலம் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. வானத்தின் எந்தப் பகுதியைப் பார்த்தாலும் இந்தச் சிதறிய ஒளிதான் நம் கண்ணை வந்தடைகிறது.

"ஊதாவின் அலைநீளம் இன்னும் குறைவாயிற்றே, வானம் ஏன் ஊதாவாக இல்லை?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு குறைவு. ஊதாவை உணரும் திறன் நம் கண்ணுக்கும் குறைவு. ஆகவே நீலமே மேலோங்கித் தெரிகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருட்டறையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். ஒரு பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் இலேசான நீலமாகத் தெரியும். விளக்குக்கு நேர் எதிரே, டம்ளரின் ஊடே பார்த்தால் விளக்கு மஞ்சளாகத் தெரியும். இப்போது பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் நீலம் மறைந்து எல்லாம் வெள்ளையாகிவிடும்.

வானத்திலும் நடப்பது இதுதான். தூசி, புகை, நீர்த்திவலை போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. நீலத்தோடு வெள்ளை கலந்து நிறம் வெளுத்துவிடுகிறது. மழை இந்தத் துகள்களைக் கழுவி இறக்கிவிடுவதால்தான் மழைக்கு மறுநாள் வானம் ஆழ்ந்த நீலமாகிறது.

எந்த வானம்? எப்போது?

வானம் முழுவதும் ஒரே நீலம் அன்று. அடிவானத்தைப் பாருங்கள், வெளிறியிருக்கும். அந்தத் திசையில் நம் பார்வை மிக நீண்ட தூரக் காற்றைக் கடக்கிறது. ஒளி திரும்பத் திரும்பச் சிதறுவதாலும், தரையை ஒட்டித் தூசி மிகுந்திருப்பதாலும் வெண்மை கூடிவிடுகிறது. பார்வையை மேலே உயர்த்த உயர்த்த நீலம் ஆழமாகும். மலைமேல் ஏறினால் தலைக்கு மேலுள்ள காற்றே குறைந்துவிடுகிறது, தூசியும் குறைகிறது. அங்கே நீலம் இன்னும் கருத்துவிடும்.

இதை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஜெனீவா நகரைச் சேர்ந்த சோசூர் என்ற அறிவியலாளர் 1787-ல் மோன் பிளாங்க் சிகரத்தின் மேல் ஏறியபோது, பல அளவுகளில் நீலம் தீட்டிய காகிதத் துண்டுகளை உடன் கொண்டு சென்றார். வானத்தோடு ஒப்பிட்டு, எந்தத் துண்டு பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டார். பின்னர் வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நீலங்களை வட்டமாக அடுக்கி, 'நீலமானி' என்றே ஒரு கருவியைச் செய்தார். 1802-ல் ஹம்போல்ட் இதைத் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலைக்குக் கொண்டு சென்று அளந்தார்.

சூரியன் மறைந்த சில நிமிடங்களுக்குப் பிறகும் ஓர் ஆழ்ந்த நீலம் தலைக்கு மேல் பரவும். இதற்குச் சிதறல் மட்டும் காரணம் அன்று. அப்போது சூரிய ஒளி மேல்காற்றிலுள்ள ஓசோன் படலத்தைச் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வருகிறது. ஓசோன் ஆரஞ்சு நிறப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் நீலம் எஞ்சுகிறது. ஹல்பர்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1953-ல் இதை விளக்கினார்.

காமிரா எங்கே தவறவிடுகிறது?

இனிக் காமிராவுக்குள் போவோம். டிஜிட்டல் காமிராவின் ஒளியுணரும் சில்லு, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவை எண்களாகக் குறிக்கிறது. சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 255-க்கு மேல் குறிக்க இடமில்லை. படி நிரம்பியபின் எவ்வளவு நெல் கொட்டினாலும் வழிந்து போவதைப் போல, அதற்கு மேற்பட்ட ஒளி கணக்கில் சேராது.

ஓர் உதாரணம் பார்ப்போம். எளிமைக்காக, இந்த எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வானத்தின் ஒரு புள்ளியில் சிவப்பு 60, பச்சை 110, நீலம் 200 என்று பதிவாகிறது. இது நல்ல நீலம். காமிரா நான்கு மடங்கு ஒளியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? கணக்குப்படி 240, 440, 800 வர வேண்டும். ஆனால் பதிவாவது 240, 255, 255. மூன்றும் ஏறக்குறைய சமம். மூன்று ஒளிகளும் சமமானால் கிடைப்பது வெள்ளை!

இந்தப் படத்தைக் கணிப்பொறியில் இட்டு வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 120, 127, 127 என்று வரும். அது சாம்பல் நிறம். போன நீலம் திரும்பவில்லை. ஏனெனில் மூன்று எண்களுக்கிடையே இருந்த விகிதம் அழிந்துவிட்டது, விகிதம்தான் நிறம். மாறாக, முதலிலேயே பாதி ஒளியை மட்டும் விட்டிருந்தால் 30, 55, 100 என்று பதிவாகியிருக்கும். சற்று இருண்டிருந்தாலும் விகிதம் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தைத் திருத்த முடியும்.

காமிரா ஏன் அளவுக்கு மேல் ஒளியை விடுகிறது? தன் முன்னே உள்ள காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவில் இருக்கும் என்ற அனுமானத்தில் அது ஒளியை அளக்கிறது. காட்சியில் மரமும் கட்டட நிழலும் மிகுதியாக இருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று ஒளியைக் கூட்டிவிடுகிறது. வானம் நிரம்பி வழிந்துவிடுகிறது.

ஆகவே முதல் பாடம்: வானத்துக்கு ஏற்ப அளவிடுங்கள். செல்போன் திரையில் வானம் தெரியும் இடத்தைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் அந்த இடத்துக்கு ஏற்ப ஒளி அமையும். வெளிச்சத்தை இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்ளவும் முடியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால், கட்டடமும் வெளிச்சமாக இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். இன்றைய செல்போன்கள் பலவற்றில், வெவ்வேறு ஒளி அளவில் எடுத்த பல படங்களைத் தாமாகவே இணைத்து ஒரே படமாகத் தரும் ஏற்பாடும் உண்டு.

கறுத்த வானத்தின் கதை

வெளுத்த வானம் புதிய தொல்லை அன்று. 1850-களின் புகைப்படத் தகடுகள் நீலம், ஊதா ஒளிகளை மட்டுமே நன்கு உணர்ந்தன. நிலம் சரியாகப் பதிவாகும் நேரத்துக்குள் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் ல கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரண்டு நெகடிவ்களை எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1850-களின் பிற்பகுதியில் அவர் எடுத்த கடற்காட்சிகள் சில இப்படிப் பிறந்தவையே. செல்போன் பல படங்களை இணைக்கும் வித்தையின் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

பிறகு எல்லா நிறங்களையும் உணரும் கறுப்பு வெள்ளைத் தகடுகள் வந்தன. அவற்றோடு நிறக் கண்ணாடி வடிகட்டிகளும் வந்தன. 1927 ஏப்ரலில், அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், 25 வயதான ஆன்சல் ஆடம்ஸ் கனமான காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு மலையேறினார். 'ஹாஃப் டோம்' என்ற பிரம்மாண்டமான பாறை முகத்தைப் படமெடுப்பது அவர் எண்ணம். அந்தப் பாறைக்கு எதிரே நின்றபோது கையில் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள்.

முதல் தகட்டை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். எடுத்து முடித்ததும் யோசித்தார். மஞ்சள் வடிகட்டி நீலத்தைச் சிறிதளவே தடுக்கும். வானம் சாதாரணச் சாம்பலாக வரும். பாறையின் கம்பீரம் எடுபடாது. மிஞ்சியது ஒரே தகடு. அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டி, ஒளிபடும் நேரத்தை நீட்டி, அந்தக் கடைசித் தகட்டையும் எடுத்தார்.

சிவப்பு வடிகட்டி என்ன செய்கிறது? நீல ஒளியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. வானத்தின் ஒளியில் சிவப்பு குறைவு என்பதால் வானம் கறுக்கிறது. வெயில் படும் பாறையும் பனியும் எல்லா நிறங்களையும் திருப்பி அனுப்புவதால் வெளிச்சமாகவே இருக்கின்றன. அந்தப் படத்தில் கறுத்த வானத்தின் முன்னே பாறை தனித்து எழுந்து நிற்கிறது. ஷட்டரை அழுத்துமுன்பே முடிந்த படம் எப்படி இருக்கும் என்று மனத்தில் கண்டுவிட்ட அனுபவமாக ஆடம்ஸ் இதைப் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

சுழலும் வடிகட்டி

வண்ணப் படத்துக்குச் சிவப்புக் கண்ணாடி உதவாது, எல்லாமே சிவப்பாகிவிடும். அங்கே வானொளியின் வேறொரு பண்பு கைகொடுக்கிறது. சிதறிய ஒளி தளவிளைவுற்றிருக்கிறது. அதாவது, அதன் அதிர்வுகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அமைந்திருக்கின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் அராகோ 1809-ல் இதைக் கவனித்தார். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள வானத்தில் இது மிக அதிகம். தளவிளைவு வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்திச் சுழற்றினால், ஒரு நிலையில் அந்த ஒளி பெருமளவு தடைப்பட்டு வானம் கருநீலமாகிறது. மேகத்தின் ஒளி பலமுறை சிதறி இந்தப் பண்பை இழந்துவிடுவதால் மேகம் வெண்மையாகவே நிற்கிறது.

அந்த 90 பாகையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சுட்டுவிரலைச் சூரியன் இருக்கும் திசையில் நீட்டுங்கள். கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரலை அசைக்காமல் மணிக்கட்டைத் திருப்பினால், கட்டைவிரல் காட்டும் இடங்களே வடிகட்டி நன்கு வேலை செய்யும் வானப் பகுதி. (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, எந்த வடிகட்டியின் வழியாகவும் கூடாது. நிழலைப் பார்த்துத் திசையை அறியுங்கள்.) காலையிலும் மாலையிலும் இந்தப் பட்டை வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும். நண்பகலில் சூரியன் உச்சியில் இருந்தால் பட்டை அடிவானத்தை ஒட்டி அமைந்துவிடும். அங்கே தூசி மிகுதியாதலால் பலன் குறைவு. அகன்ற காட்சியை எடுக்கும் லென்ஸில் வானத்தின் நடுவே மட்டும் கறுத்த பட்டை விழுந்து படத்தைக் கெடுப்பதும் உண்டு.

இதே வித்தையைக் கடலில் செய்து பார்த்தவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பே கடலின் நீலம் என்று ராலே கருதியிருந்தார். ராமன், தளவிளைவை ஆராயப் பயன்படும் நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்தார். மேற்பரப்பில் பிரதிபலித்த ஒளி தடைப்பட்டது. நீலமோ மறையாமல் நின்றது. நீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். கடல் நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும் அதன் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஆனால் அன்று தொடங்கிய சிதறல் ஆராய்ச்சிதான் 1928-ல் ராமன் விளைவிலும், 1930-ல் நோபல் பரிசிலும் போய் முடிந்தது.

கணிப்பொறியில் திருத்துதல்

படம் எடுத்தாயிற்று, நீலம் வழிந்து போகாமல் பதிவாகியிருக்கிறது. இனித் திருத்தலாம். பலரும் செய்வது நிறச்செறிவு முழுவதையும் கூட்டுவது. அப்படிச் செய்தால் மனிதர்களின் முகமும் சுவரும் சேர்ந்து மாறிவிடும். நல்ல மென்பொருளில் நீல நிறத்தை மட்டும் தேர்ந்து அதன் பிரகாசத்தைக் குறைக்கும் வசதி உண்டு. அதைச் சிறிது குறைத்தாலே வானம் ஆழமாகிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. சாதாரணக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ளன. அளவுக்கு மீறி இழுத்தால், மெல்ல மாற வேண்டிய வானம் படிக்கட்டுப் போலப் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். இலைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். பல காமிராக்களில் 'ரா' எனப்படும் கச்சாப் பதிவு 14 இருமக் கூறுகள் கொண்டது. அதில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஆகவே அது கூடுதலான திருத்தத்தைத் தாங்கும்.

கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றும்போது ஆடம்ஸின் சிவப்புக் கண்ணாடியையும் கணிப்பொறியில் 'மாட்டலாம்'. மூன்று எண்களில் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை உருவாக்கினால் போதும். முன்பு சொன்ன 60, 110, 200 என்ற புள்ளி வெறும் 60 ஆகிவிடும். வானம் கறுத்துவிடும்!

செவ்வாயின் வானம்

இவ்வளவு எளிதாக வானத்தை மாற்ற முடியுமென்றால், எவ்வளவு மாற்றுவது நியாயம்? 1976-ல் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குப் பாடம். அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் வைக்கிங்-1 கலம் செவ்வாயில் இறங்கியது. மறுநாள் முதல் வண்ணப் படத்தை எடுத்தது. சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகள் தனித்தனியே பூமிக்கு வந்தன. அவற்றை அவசரமாக இணைத்து வெளியிட்டபோது செவ்வாயின் வானம் நீலமாக இருந்தது. பார்ப்பதற்கு நம் ஊர் வானம் போலவே இருந்தது.

ஆனால் கலத்தின் மேல் நிற அட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் உண்மையான நிறங்கள் அறிவியலாளர்களுக்குத் தெரியும். படத்திலுள்ள அட்டைகள் அந்த நிறங்களோடு பொருந்தும்படி மூன்று பதிவுகளின் விகிதத்தைச் சரிசெய்தபோது, வானம் இளஞ்சிவப்பாக மாறியது! செவ்வாயின் காற்று மிக மெல்லியது. அதில் மிதக்கும் இரும்புச் சத்துள்ள நுண்தூசி நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. திருத்திய படமும் வெளியிடப்பட்டது.

இரண்டு முறையும் செய்யப்பட்டது நிறத் திருத்தம்தான். முதலாவது, வானம் இப்படித்தான் இருக்கும் என்ற பழக்கத்தை ஒட்டியது. இரண்டாவது, ஓர் அளவுகோலை ஒட்டியது. சுவரில் மாட்டும் படத்தின் வானத்தை ஆடம்ஸ் போல விருப்பப்படி கறுக்கச் செய்வது கலைஞரின் உரிமை. ஆனால் ஊரில் புகை எவ்வளவு என்று காட்டுவதற்காக எடுத்த படத்தில் வானத்தை நீலமாக்கினால், அது சாட்சியைக் கலைப்பதாகும்.

நீங்களும் செய்யலாம்

கெட்டி அட்டை ஒன்றில், வெள்ளையிலிருந்து கருநீலம் வரை பத்துக் கட்டங்கள் வரையுங்கள். ஒரே நீல வண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறைத்துத் தீட்டினால் போதும். இது உங்கள் நீலமானி. ஒரு மாதம், நாள்தோறும் ஒரே நேரத்தில், சூரியனுக்கு எதிர்த் திசையில், ஒரே உயரத்தில் வானத்தோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். அட்டையில் வெயில் பட வேண்டும். அட்டையும் வானமும் சேர்ந்து விழும்படி ஒரு படமும் எடுங்கள்.

மழை பெய்த நாள், காற்றடித்த நாள், குப்பை எரித்த நாள் ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். மாத முடிவில் எண்களை வரைபடமாக்கிப் பாருங்கள். உங்கள் ஊர் வானம் எந்த நாட்களில் வெளுத்தது, ஏன் வெளுத்தது என்று வகுப்பில் விவாதிக்க அதில் நிறையவே இருக்கும். படங்களின் நிறம் நாளுக்கு நாள் மாறித் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். எந்தப் படத்தை எவ்வளவு திருத்த வேண்டும் என்பதை அதிலுள்ள அட்டையே சொல்லிவிடும்.